சாரிட்டி கடையில் வாரம் ஒரு காலை

ஓய்வு பெற்றாகிவிட்டது. பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டு வேலை முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு நாள் நகர மாட்டேன் என்கிறது. தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா என்று எங்கே இருந்தாலும் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பக்கத்திலுள்ள சாரிட்டி கடையைத்தான். மக்கள் கொடுக்கும் பழைய சாமான்களை விற்று, வரும் பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடும் கடை அது. டர்பனில் தீரா நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்புகளின் கடைகளும், விலங்குகளைக் காக்கும் எஸ்.பி.சி.ஏ. அமைப்பின் கடைகளும் உண்டு. கேப் டவுனில் செயின்ட் லூக்ஸ் ஹாஸ்பிஸ், ஜோகன்னஸ்பர்க்கில் ஹாஸ்பிஸ் விட்ஸ் ஆகியவையும் இப்படிக் கடைகள் நடத்துகின்றன. எல்லாக் கடைகளிலும் ஒரே குறைதான்: மூட்டை மூட்டையாகச் சாமான் வந்து குவியும், பிரிக்கக் கைகள் இருக்காது.

ஆனால் ஆர்வமாகச் சேர்கிறவர்களில் பலர் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். “ஏதாவது வேலை இருந்தால் கூப்பிடுங்கள்” என்று சேர்ந்ததுதான் அதற்குக் காரணம். ஏதாவது வேலை என்று சேர்ந்தவருக்கு ஏதோ ஒரு வேலைதான் கிடைக்கும். இன்றைக்கு ஹேங்கர் அடுக்குவார், அடுத்த வாரம் ஜன்னல் துடைப்பார். யாருடைய பெயரும் மனதில் நிற்காது, அவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. இந்தக் கையேட்டில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஒரே கிழமை, ஒரே நேரம், உங்கள் பொறுப்பில் ஒரு அலமாரி. பொழுதுக்கு ஒரு பிடிப்பும் பழகுவதற்கு மனிதர்களும் கிடைப்பது இந்த மூன்றும் அமைந்தால்தான்.

சேர்வதற்கு முன்

கடைக்கு நேரில் போங்கள். மாதத்தின் முதல் வாரம் வேண்டாம்; சாஸா என்ற அரசு உதவித்தொகை வந்த கையோடு கூட்டம் நெரியும், மேனேஜரால் உங்களோடு நின்று பேச முடியாது. சனிக்கிழமையும் வேண்டாம். மாத நடுவில் ஒரு வார நாள், காலை பத்து மணி வாக்கில் போய் இருபது ரேண்டுக்கு ஏதாவது வாங்குங்கள். துணிகள் அளவுப்படி தொங்குகின்றனவா, உள்ளறையில் மூட்டைகள் கூரையைத் தொடுகின்றனவா, வேலை செய்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று கவனியுங்கள். கடைசியில் சொன்னது மிக முக்கியம். வாய் பேசாமல் வேலை நடக்கும் கடையில் நட்பைத் தேடிப் போகாதீர்கள்.

சுவரில் அமைப்பின் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். 1997ஆம் ஆண்டு லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்படி பதிவு செய்த அமைப்புக்கு, எண்களோடு “என்.பி.ஓ.” என்று முடியும் ஓர் எண் உண்டு. சாரிட்டி என்று பலகை மாட்டிவிட்டுத் தனியார் நடத்தும் கடையில் உங்கள் உழைப்பு யாரோ ஒருவரின் லாபமாகப் போய்ச் சேரும்.

மேனேஜரிடம் பேசும்போது திட்டவட்டமாகச் சொல்லுங்கள்: “செவ்வாய்க்கிழமை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வர முடியும். இஸ்திரி போடுவேன், புடவை மடிப்பேன், புத்தகம் பார்ப்பேன்.” அடையாள அட்டை நகல், உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் தொலைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண், நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். தர்ம காரியத்துக்காக நடக்கும் அமைப்பில் சம்பளமில்லாமல் வேலை செய்பவருக்கு இந்த நாட்டின் வேலை நிபந்தனைச் சட்டம் பொருந்தாது. 1997ஆம் ஆண்டு வந்த அந்த வேலை நிபந்தனைச் சட்டத்திலேயே இந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே நேரம், இடைவேளை, பஸ் செலவு, கையில் கண்ணாடி கிழித்தால் டாக்டர் செலவு யாருடையது என்பதையெல்லாம் முதலிலேயே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கேட்பதைத் தவறாக நினைக்கும் கடையில் சேர வேண்டாம்.

இந்தியாவிலிருந்து கணவரின் அல்லது மனைவியின் வேலைக்காக வந்து, துணைவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளம் வாங்காவிட்டால் அது வேலையாகாது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். விசாவில் அச்சிட்டிருக்கும் நிபந்தனையைப் படித்து, விவரம் தெரிந்தவரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே பெயர் கொடுங்கள்.

ஜூலை 18 மண்டேலா தினத்தில் சேரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவருடைய 67 ஆண்டுப் பொது வாழ்வை நினைத்து ஆளுக்கு 67 நிமிடம் சேவை செய்யும் நாள் அது. நல்ல வழக்கம். ஆனால் அன்றைக்குக் கடை முழுக்க ஒரு மணி நேர விருந்தாளிகள் இருப்பார்கள், உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் போனால் கை நீட்டி வரவேற்பார்கள்.

முதல் ஆறு வாரம் வாரத்துக்கு அரை நாள் போதும். உற்சாகத்தில் மூன்று நாள் ஒப்புக்கொண்டால் கால் வலி வரும், வீட்டில் முணுமுணுப்பு வரும், பிறகு ஒரேயடியாக நின்றுபோகும்.

பிரிக்கும் மேசை

கடையின் உயிர் இருப்பது உள்ளறையில் மூட்டை பிரிக்கும் மேசையில். முடிந்தால் அங்கேயே தொடங்குங்கள். மூடிய ஷூ, ஏப்ரன், மூக்குக் கண்ணாடி, தண்ணீர், கட்டுச் சோறு கொண்டுபோங்கள். வளையலையும் தொங்கும் நகையையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

மூட்டைக்குள் ஒருபோதும் கையை விடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு மேசையில் கொட்டுங்கள். சவரக் கத்தி, ஊசி, உடைந்த கிளாஸ் எல்லாம் துணிக்கு நடுவிலிருந்து வரும். இரவில் மழையில் வாசலில் விட்டுப்போன மூட்டையைக் கரப்பான் இருக்கும் என்றே நினைத்து வெளியில் வைத்துப் பிரியுங்கள். மெத்தை விரிப்பின் தையலில் மிளகுப் பொடி தூவியதுபோல் கரும்புள்ளி தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். அந்த மூட்டை முழுவதையும் கட்டி வெளியே வைத்துவிட வேண்டியதுதான், ஒரு நல்ல சட்டைக்காகக் கூடத் திறக்காதீர்கள்.

துணியை நாலாகப் பிரிப்பது வழக்கம்: இன்றே விற்கலாம், துவைத்தோ தைத்தோ விற்கலாம், கட்டாக விற்கலாம், கந்தல். ஒரு துணிக்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். அக்குள், கழுத்துப் பட்டி, ஜிப், கால் நடு இந்த நாலு இடத்தைப் பார்த்தாலே போதும். மஞ்சள் கறை ஏறிய அக்குள் துவைத்தாலும் போகாது. கந்தலுக்கு ஒதுக்கிய பருத்தித் துணியில் பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டால் கராஜ்காரர்கள் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். வெள்ளை டீ-ஷர்ட்டுக்குத்தான் அதிகக் கேட்பு. வெட்டிய பொத்தானை ஜாடியில் போட்டு வைத்தால் தையல்காரிகள் வாங்குவார்கள்.

ஒவ்வொரு பாக்கெட்டையும், கைப்பையின் உள் ஜிப்பையும், புத்தகத்தின் நடுப் பக்கத்தையும் பாருங்கள். இறந்தவர் வீட்டிலிருந்து வரும் மூட்டைகளில் பணம், அடையாள அட்டை, பழைய போட்டோ, சில சமயம் தாலியே இருக்கும். கிடைத்த நொடியில் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, இருவர் கண் முன்னால் எண்ணி, நோட்டில் எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். மூட்டை வாங்கும்போதே கொடுப்பவரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி மூட்டையிலேயே ஒட்டிவிட்டால் திருப்பிக் கொடுப்பது சுலபம். அந்த எண்ணைக் கடைக்கு வெளியே யாருக்கும் தராதீர்கள். தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம், பொப்பியா, சாரிட்டி கடைக்கும் உண்டு. துணையைப் பறிகொடுத்துச் சில மாதமே ஆனவர் இந்த மாதிரி வீட்டு மூட்டைகளைப் பிரிக்க வேண்டாம். புத்தகமோ பொம்மையோ கேட்டு வாங்குங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

புடவை வந்தால் பெரும்பாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் மற்றவர்களுக்கு அது ஐந்தரை மீட்டர் துணி என்பதற்கு மேல் தெரியாது. இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டி காலத்துப் பட்டுகள் நிறைய வெளியே வருகின்றன. அவற்றை மேசையில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருவர் முந்தானையைப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையைப் பிடிக்க, இருவரும் விலகி நின்று ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரியுங்கள். பட்டு கிழிவது மடிப்பில்தான். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்ததால், அந்தக் கோட்டில் சரிகை பட்டு இழையை அறுத்திருக்கும். விரல் நுனியால் மடிப்புக் கோட்டை மெல்லத் தடவுங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் உடுத்த உதவாது, ஆனால் குஷன் உறை தைப்பவருக்கும் பாவாடை தைப்பவருக்கும் உதவும். அப்படியே விவரம் எழுதி விலையைக் குறைத்து வையுங்கள்.

பட்டா பாலியஸ்டரா என்று சந்தேகமென்றால் ஓரத்தில் ஒரு இழையை உருவி வெளியே எடுத்துப்போய்க் கொளுத்துங்கள். பட்டு, முடி கருகும் நாற்றம் அடித்துப் பொடியாக உதிரும். பாலியஸ்டர் உருகி முத்தாக இறுகும். சரிகையைச் சுரண்டும்போது உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் பழைய அசல் சரிகையாக இருக்கலாம். விலை போடுவதற்கு முன் நகைக்கடைக்காரரிடம் காட்டுங்கள். அந்துருண்டை நாற்றம் போக நிழலில் இரண்டு நாள் காற்றாடப் போடுங்கள். டர்பன் வெயிலில் போட்டால் ஒரே மதியத்தில் சாயம் வெளுக்கும். பருத்தியில் பூஞ்சை வாடை அடித்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து தெளிக்கலாம். பட்டுக்கும் சரிகைக்கும் அதைக் காட்டவே கூடாது. விலைச் சீட்டு குத்தும் டேக் கன்னைப் பட்டின் உடலில் குத்தினால் ஓட்டை ஓட்டைதான். நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

மறுமுனையைப் பிடிக்க எப்போதும் ஒரே ஆளைக் கூப்பிடாதீர்கள். ஒரு வாரம் கிறிஸ்தவச் சகோதரி ஒருவரை, அடுத்த வாரம் சுலு அம்மா ஒருவரை, பிறகு பேசவே கூச்சப்படும் இளம்பெண்ணை என்று மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள். இந்தப் புடவை எந்த விசேஷத்துக்குக் கட்டுவது, இதன் பேர் என்ன என்று அவர்களே கேட்பார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் வராத பேச்சு, கையில் வேலை இருக்கும்போது தானாக வரும்.

மற்றச் சாமான்களில் மின்சாரப் பொருள்தான் அபாயம். மூன்று உருண்டை முனையுள்ள நம் ஊர் பிளக் இல்லாமல் வெளிநாட்டுப் பிளக்கோடு வந்தால் அடியில் 230 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 110 என்றால் விற்கக்கூடாது. தகுதியுள்ளவர் சோதித்துப் பார்க்காத எதையும் வெளியே வைக்காதீர்கள். பழைய எலெக்ட்ரிக் போர்வை, ஹெல்மெட், குழந்தைகளின் கார் சீட் இவற்றை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஒதுக்குங்கள். அடிபட்டதா என்பது வெளியே தெரியாது. பிரஷர் குக்கரில் ரப்பர் வளையமும் வெயிட்டும் இல்லாவிட்டால் அதைச் சீட்டில் எழுதுங்கள். ஜிக்சா புதிரில் 100 துண்டுகளை எண்ணிச் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 1000 துண்டுப் புதிரென்றால், பெட்டியை விட்டு மொத்தத் துண்டுகளின் எடை அதன் பத்து மடங்கு இருக்க வேண்டும். ஒன்றிரண்டு குறைவதைத் தராசு காட்டாது, ஐம்பது குறைந்தால் காட்டிவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு உட்கார்ந்தபடி செய்ய இது நல்ல வேலை.

விலையும் டில்லும்

விலை போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, புதுச் சாமான் விலை தெரியாமல் போடுவது. பெப், ஆக்கர்மன்ஸ், மிஸ்டர் பிரைஸ் ஆகிய புதுத்துணிக் கடைகளில் மாதம் ஒருமுறை சுற்றி வாருங்கள். அங்கே புதிதாகக் கிடைக்கும் விலைக்குப் பக்கத்தில் பழையதை வைத்தால் அது தொங்கியே கிடக்கும். புதுவிலையில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஐந்து ஐந்து ரேண்டாக ஏற்றினால் சில்லறைத் தொல்லை இல்லை. வாரத்துக்கு ஒரு நிறச் சீட்டு, நாலு நிறம்; ஐந்தாம் வாரம் வந்ததும், முதல் வாரத்து நிறச் சீட்டு உள்ளவற்றுக்குப் பாதி விலை, அப்புறமும் நின்றால் கட்டுக்குப் போகட்டும். அளவுச் சீட்டை நம்பாதீர்கள்: பெண்கள் உடையில் இங்கே 34 என்பது பெரும்பாலும் இங்கிலாந்து அளவில் 10, ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டேப்பால் அளந்து எழுதினால் திருப்பிக் கொண்டுவருவது குறையும்.

மொத்தமாக வாங்கிப்போய் டாக்சி ரேங்கில் விற்கும் பெண்களைச் சிலர் முகம் சுளித்துப் பார்ப்பதுண்டு. அது தவறு. அவர்கள் குடும்பம் அதில்தான் ஓடுகிறது, கடையின் தேக்கமும் அவர்களால்தான் குறைகிறது. அவர்களுக்கென ஒரு கிழமை ஒதுக்கச் சொல்லுங்கள். சுலு மொழியில் “சாவுபோனா” என்று வணக்கம் சொல்லி, வயதானவரைக் “கோகோ” என்று அழைத்து, போகும்போது “ங்கியபோங்கா” என்று நன்றி சொன்னால் அடுத்த முறை அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

டில்லில், அதாவது கல்லாவில், நிற்பவர் வாடிக்கையாளர் கொடுத்த நோட்டை மீதி கொடுத்து முடிக்கும்வரை மேலேயே வைத்திருக்க வேண்டும். “இருநூறு கொடுத்தேன்” என்ற தகராறு அதோடு தீரும். பேரம் பேசினால், விலை குறைப்பது மேனேஜர் கையில் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். துணி மூட்டை கொடுத்துவிட்டு வரிச் சலுகைக்கு 18ஏ ரசீது கேட்பவர்கள் வருவார்கள். நீங்களாக வாக்குக் கொடுக்காமல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் தரும் உழைப்பு நேரத்துக்கு அந்த ரசீது கிடையாது.

உள்ளே இருப்பவர்களே நல்ல சாமானை ஒதுக்கி எடுத்துக்கொள்வதால்தான் பல கடைகளில் மனக்கசப்பு வருகிறது. எதுவானாலும் ஒரு முழு நாள் அலமாரியில் இருந்த பிறகே தொண்டர் வாங்கலாம், பில் போடுவது இன்னொருவர் என்ற விதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மட்டுமாவது அப்படி நடந்துகொள்ளுங்கள். மூன்று மாதத்தில் மற்றவர்களும் பின்பற்றுவார்கள்.

உங்கள் அலமாரி

ஆறு வாரம் முடிந்ததும் மேனேஜரிடம் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இந்திய உடைகள், புத்தகம், பாத்திரம், பள்ளிச் சீருடை எதுவானாலும் சரி. ஒரு நோட்டுப் போட்டு வந்தது, விற்றது, கிடைத்த ரேண்ட் மூன்றையும் வாராவாரம் எழுதுங்கள். கடையின் வருமானம் எதற்குப் போகிறது, நோயாளி வீட்டுக்குப் போகும் நர்ஸின் பெட்ரோலுக்கா, மருந்துக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன் அலமாரி எந்தச் செலவைத் தாங்குகிறது என்று தெரிந்தவர் மழை நாளிலும் வருவார்.

பருவம் பார்த்துச் சேர்த்து வையுங்கள். பள்ளி டிசம்பரில் மூடுகிறது, ஜனவரி நடுவில் திறக்கிறது. சீருடையை நவம்பரிலிருந்தே பள்ளிவாரியாகக் கட்டி, கடைசி வாரம் தவிக்கும் தாய்மாருக்கு எட்டும் விலையில் வையுங்கள். போர்வையும் ஸ்வெட்டரும் மே மாதமே வெளியே வரட்டும். குத்துவிளக்கு, பித்தளைச் சொம்பு, புடவை எல்லாம் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு ஜன்னலுக்கு வர வேண்டும். அதற்கு முன்பே விற்றுவிட ஆசைப்படாதீர்கள்.

பழக்கம் நட்பாக

பத்தரை மணி டீயைத் தவிர்க்காதீர்கள். வேலை குவிந்திருந்தாலும் போய் உட்காருங்கள். முதல் நாலு வாரம் எல்லோர் பேரையும் அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே கற்றுக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன உதவி கேளுங்கள்: “இந்த டப்பாவை எட்டித் தருவீர்களா?” உதவி செய்துகொண்டே இருப்பவரைவிட உதவி கேட்கவும் தெரிந்தவரோடுதான் மற்றவர்கள் சீக்கிரம் ஒட்டுவார்கள். நம்மவர் இருவர் இருந்துவிட்டால் தமிழில் பேசத் தோன்றும். மேசையில் மற்றவர் இருக்கும்போது எல்லோருக்கும் புரியும் மொழியிலேயே பேசுங்கள்.

பலகாரம் கொண்டுபோகும்போது டப்பாவின் மேல் முட்டை உண்டா, இறைச்சி உண்டா என்று எழுதுங்கள். ஹலால் பார்ப்பவர் இருப்பார், வெள்ளிக்கிழமை சைவக்காரர் இருப்பார், புரட்டாசி விரதக்காரர் இருப்பார். சர்க்கரை வியாதிக்காரர் எப்படியும் ஒருவர் இருப்பார். முறுக்கு இனிப்பைவிட நல்லது.

ஒருவர் வராவிட்டால் அன்று மாலையே ஒரு போன் செய்யுங்கள். இதைவிட நட்பை வளர்ப்பது வேறொன்றுமில்லை, தனியாக இருப்பவருக்கு அது பாதுகாப்பும் கூட. பிறகு கடைக்கு வெளியே ஒரு சின்னக் காரியம்: ஒரே காரில் வருவது, கிளினிக்குக்குத் துணை போவது, கோயில் கஞ்சிக்கு அழைப்பது. கடன் மட்டும் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம். கட்சி அரசியலை டீ மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

உடம்பையும் பாருங்கள். மணிக்கு ஒருமுறை நிற்கும் வேலையையும் உட்காரும் வேலையையும் மாற்றிக்கொள்ளுங்கள். புத்தகப் பெட்டியைப் பாதிதான் நிரப்புங்கள். கடையில் தனியாக இருக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், பணப் பையைப் பேங்குக்குக் கொண்டுபோகும் வேலையை ஏற்காதீர்கள். யாராவது மிரட்டினால் டில்லைத் திறந்து கொடுத்துவிடுவதுதான் விதி. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும் ஷிஃப்டாக எடுங்கள்.

மூன்று மாதமாகியும் ஒட்டவில்லை என்றால் முதலில் கடையை விடாமல் கிழமையை மாற்றிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டமும் வியாழக்கிழமைக் கூட்டமும் முற்றிலும் வேறு ஆட்கள். அதுவும் சரிவராவிட்டால் வேறு கடை. சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே சொல்லி, அலமாரி நோட்டை அடுத்தவரிடம் கொடுத்து, எந்தச் சாமான் யாருக்காக எடுத்து வைத்திருக்கிறது என்பதையும் காட்டிவிட்டு வாருங்கள்.